உலோகம் ஏறிய மண்ணைச் செடியும் பாக்டீரியாவும் கொண்டு மீட்பது: முழுமையான வழிகாட்டி

மண்ணில் சிந்திய டீசலை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். பூச்சிமருந்தில் பலவும் காலப்போக்கில் சிதையும். காட்மியம், ஈயம், ஆர்சனிக், நிக்கல் எல்லாம் தனிமங்கள். எந்தச் செடியாலும், எந்தப் பாக்டீரியாவாலும் அவற்றை அழிக்க முடியாது. செய்யக்கூடியவை இரண்டுதான். வேர் வழியே இழுத்துத் தழையில் சேர்த்து, அறுத்து வெளியேற்றலாம். அல்லது கரையாத வடிவத்துக்கு மாற்றி, இருந்த இடத்திலேயே பூட்டி, தூசியாகவோ நீரோடோ கிளம்பாதபடி மேலே செடிகளால் மூடலாம். முதலாவதை இங்கே இழுப்பு என்றும், இரண்டாவதைப் பூட்டு என்றும் குறிப்பிடுகிறோம்.

இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகிறவை. இழுப்புக்கு உலோகம் கரைந்து வேரை எட்ட வேண்டும். பூட்டுக்கு அது கரையவே கூடாது. மண்ணின் பி.எச். (அமில-கார அளவு), எரு, உரம், செடி, பாக்டீரியா என எல்லாத் தேர்வும் இந்த ஒரு முடிவைப் பொறுத்துத் தலைகீழாகும். கடுகு விதைத்து இழுக்கப் பார்த்துக்கொண்டே அதே வயலில் சுண்ணாம்பைக் கொட்டினால் இரண்டுமே நடக்காது. அதனால் முதல் விதையை ஊன்றும் முன் அளவெடுத்து, கணக்குப் போட்டு, எந்த வழி என்று முடிவுசெய்துவிடுங்கள்.

மண்ணை அளப்பது

நிலத்தை 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கும் நெடுக்குமாக 15 இடங்களில் 0–20 செ.மீ. ஆழத்து மண்ணை எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளும் முறையில் அரை கிலோவாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அதே இடங்களில் சிலவற்றில் 20–40 செ.மீ. மண்ணையும் தனியாக எடுங்கள். மேல்மண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தொடங்கினால், வேர் எட்டாத ஆழத்தில் பெரும்பகுதி கிடப்பது கடைசியில்தான் தெரியவரும். துத்தநாகம் பூசிய மண்வெட்டி, துருப்பிடித்த சல்லடை இரண்டும் ஆகாது. எவர்சில்வர் கருவியும் 2 மி.மீ. பிளாஸ்டிக் சல்லடையும் பயன்படுத்துங்கள். நிழலில் உலர்த்துங்கள்.

கட்டம் கட்டமாக எடுப்பதற்குக் காரணம், உலோக மாசு ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. பழைய கழிவுக் குவியல் இருந்த ஒரு மூலையில் மட்டும் மற்ற இடத்தைவிடப் பல மடங்கு உலோகம் இருக்கலாம். அந்த மூலையை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு மீதியைச் செடிக்கு விடுவதுதான் பல சமயம் சரியான முடிவு.

ஆய்வகத்தில் இரண்டு எண்கள் கேளுங்கள். ஒன்று மொத்த அளவு: ராஜதிராவகத்தில் (செறிந்த அமிலக் கலவை) கரைத்து அளப்பது. எக்ஸ் கதிரால் தனிமங்களை அளக்கும் கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப். கருவி முதற்கட்டத் தேடலுக்குப் போதும், ஆனால் குறைந்த அளவுக் காட்மியத்தை அதை நம்பி முடிவுசெய்யக் கூடாது. மற்றொன்று செடிக்குக் கிடைக்கக்கூடிய அளவு: 10 கிராம் மண்ணை 20 மி.லி. டி.டி.பி.ஏ. (உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருள்) கரைசலில் 2 மணி நேரம் குலுக்கி வடிகட்டி அளப்பது. கிலோவுக்கு மொத்தம் 800 மி.கி., கிடைப்பது 6 என்று வந்தால், அந்த மண்ணில் உலோகம் ஏற்கெனவே பெரும்பாலும் பூட்டியிருக்கிறது என்று பொருள். கூடவே பி.எச்., கரிமப்பொருள், களிமண் விகிதம், கிடைக்கும் பாஸ்பரஸ், உப்புத்தன்மை இவற்றையும் பார்த்துவிடுங்கள். குரோமியம் இருந்தால் அதிக நஞ்சான ஆறு இணைதிறன் வடிவம் எவ்வளவு என்று தனியாகக் கேட்பது கட்டாயம். மொத்தக் குரோமியத்தின் எண் ஆபத்தைச் சொல்லாது.

கணக்கு

ஒரு ஹெக்டேரில் 20 செ.மீ. ஆழ மண் 2,000 கன மீட்டர். அடர்த்தி 1.3 என்றால் 2,600 டன். ஆக, மண்ணில் கிலோவுக்கு 1 மி.கி. குறைய வேண்டுமென்றால் அந்த ஹெக்டேரிலிருந்து 2.6 கிலோ உலோகம் வெளியேற வேண்டும். இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் யார் என்ன வாக்குக் கொடுத்தாலும் நீங்களே சோதித்துக்கொள்ளலாம்.

காட்மியத்தை 5 மி.கி.யிலிருந்து 3-க்குக் கொண்டுவர 5.2 கிலோ எடுக்க வேண்டும். வில்லோ மரம் ஆண்டுக்கு 10 டன் உலர் எடை தந்து, அதில் கிலோவுக்கு 20 மி.கி. காட்மியம் இருந்தால் ஆண்டுக்கு 200 கிராம் வெளியேறும்: 26 ஆண்டு. நோக்கியா செருலெசென்ஸ் என்னும் சிறு செடி 4 டன் விளைந்து 200 மி.கி. சேர்த்தால் ஆண்டுக்கு 800 கிராம்: ஆறரை ஆண்டு. இப்போது ஈயத்தைப் பாருங்கள். 1,000 மி.கி.யிலிருந்து 400-க்கு இறங்க 1,560 கிலோ எடுக்க வேண்டும். கடுகு 10 டன் விளைந்து, தழையில் 100 மி.கி. ஏறினால் ஆண்டுக்கு 1 கிலோ போகும். 1,560 ஆண்டு. இதை எந்தப் பாக்டீரியாவாலும் சரிக்கட்ட முடியாது. உறிஞ்சலை அது மூன்று மடங்காக்கினாலும் 520 ஆண்டு நிற்கிறது.

உங்கள் கணக்கு 10 ஆண்டுக்குள் முடிந்தால் இழுப்பு. அதைவிடப் பல மடங்கு போனால் பூட்டு. இடைப்பட்டால், நிலம் அதுவரை சும்மா கிடக்க முடியுமா என்பதே கேள்வி.

எந்த உலோகத்துக்கு என்ன

காட்மியமும் துத்தநாகமும் இழுப்புக்கு ஏற்றவை. நோக்கியா, செடம் ஆல்ஃப்ரெடி இரண்டும் இவற்றை மிகையாகச் சேர்ப்பவை. இவை சிறு செடிகள், வளர்ச்சி குறைவு. வில்லோ, பாப்லர், சூரியகாந்தி போன்றவை தழையில் குறைவாகச் சேர்த்தாலும் எடையில் ஈடுகட்டும்.

நிக்கலுக்கு ஒடொன்டாரினா என்னும் செடி இனங்கள். உலோகத்தைச் செடியால் இழுக்கலாம் என்ற யோசனையை மண் அறிவியலாளர் ரூஃபஸ் சேனி 1983-ல் முன்வைத்தார். அதில் மிகத் தெளிவாக வெற்றி கண்டது நிக்கல்தான். அல்பேனியாவின் நிக்கல் மண்ணில் இந்தச் செடியைப் பயிராகவே வளர்த்து, சாம்பலிலிருந்து உலோகம் எடுக்கும் வேலை நடந்திருக்கிறது.

ஆர்சனிக்குக்கு ப்டெரிஸ் விட்டாட்டா என்னும் பெரணி. இதன் திறமை 2001-ல் வெளியானது. தழையில் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் சேர்க்கும். சுண்ணாம்புச் சத்துள்ள, நடுநிலை அல்லது லேசான காரமண் பிடிக்கும். உறைபனி தாங்காது.

ஈயமும், மூன்று இணைதிறன் குரோமியமும் பூட்ட வேண்டியவை. செம்பையும் பெரும்பாலும் பூட்டவே வேண்டியிருக்கும். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு முதல் வேலை செடியே கிடையாது: அதை மூன்றுக்கு இறக்குவது. பாதரசத்தைச் செடி அல்லது பாக்டீரியா வழியே ஆவியாக்கும் முறைகள் ஆய்வில் உண்டு. அது மண்ணின் நஞ்சைக் காற்றுக்கு மாற்றும் வேலை. திறந்த வயலில் வேண்டாம்.

மண்ணைத் தயார்செய்வது

காட்மியம், துத்தநாகம் இழுக்க பி.எச். 5.5 முதல் 6 வரை இருந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் அலுமினியமும் மாங்கனீசும் கரைந்து வேரைக் கருக்கும், உலோகமும் நிலத்தடி நீருக்கு இறங்கும். நிக்கல் இதற்கு விதிவிலக்கு. பி.எச். உயர்ந்தால் மண்ணில் நிக்கல் கரைவது குறையும். ஆனாலும் ஒடொன்டாரினாவின் தழையில் அது கூடுதலாகவே ஏறும். நிக்கல் வயலில் அமிலமாக்கப் போகாதீர்கள்.

பூட்டுவதென்றால் பி.எச். 6.5–7. எவ்வளவு சுண்ணாம்பு என்று புத்தகத்து எண்ணை நம்பாமல் சட்டியில் பாருங்கள்: நான்கு சட்டிகளில் தலா 1 கிலோ மண், அவற்றில் 0, 1, 2, 4 கிராம் சுண்ணாம்புக்கல் தூள். ஈரமாக இரண்டு வாரம் வைத்து பி.எச். அளங்கள். சட்டியில் 1 கிராம் என்பது வயலில் ஹெக்டேருக்கு 2.6 டன். பி.எச்.சைக் குறைக்கக் கந்தகத் தூளுக்கும் இதே சோதனைதான், ஆனால் ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். கந்தகத்தை அமிலமாக்குவது மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள், அவற்றுக்கு அவ்வளவு நேரம் தேவை.

ஈயத்தைப் பூட்ட ராக் பாஸ்பேட் போன்ற பாஸ்பேட் உரம் சிறந்தது. ஈயமும் பாஸ்பேட்டும் சேர்ந்து பைரோமார்ஃபைட் என்ற மிகக் குறைவாகக் கரையும் கனிமமாகும். ஆனால் அதே மண்ணில் ஆர்சனிக்கும் இருந்தால் பாஸ்பேட்டைத் தொடவே கூடாது. ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் ஒரே மாதிரி வடிவம் கொண்டவை; மண்துகளில் இடம்பிடிக்கப் பாஸ்பேட் வந்தால் ஆர்சனிக் வெளியே தள்ளப்பட்டு நீரில் இறங்கும். சுண்ணாம்பும் ஆர்சனிக்கை விடுவிக்கக்கூடியது. ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்த மண்ணில் இரும்பு ஆக்சைடு சேர்ப்பதே பாதுகாப்பான வழி.

மக்கு உரமும் உயிர்க்கரியும் பூட்டுக்கு நல்லவை. எடையில் 2 சதவீதம் என்றாலே ஹெக்டேருக்கு 52 டன் ஆகும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள். வாங்கும் மக்கு உரத்தையும் உலோகத்துக்குச் சோதியுங்கள். நகரக் குப்பையில் செய்தவற்றில் ஈயமும் துத்தநாகமும் இருப்பதுண்டு. ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு இந்தக் கரிமப்பொருள்தான் மருந்து: ஈரமும் உணவும் கிடைத்த பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுக் குரோமியத்தை மூன்றுக்கு இறக்கும். மாங்கனீசு ஆக்சைடு நிறைந்த மண்ணில் அது திரும்ப ஆறுக்கு ஏறக்கூடும், ஆகவே முதல் ஆண்டில் பலமுறை அளந்து பாருங்கள்.

உலோகத்தைப் பற்றிக் கரையவைக்கும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளை ஊற்றி ஈயத்தைக் கடுகில் ஏற்றும் முறை பற்றிப் படித்திருப்பீர்கள். தழையில் ஏறும் எண் கண்ணைப் பறிக்கும். ஆனால் இ.டி.டி.ஏ. மண்ணில் மாதக்கணக்கில் சிதையாமல் நின்று, செடி எடுத்ததைவிட அதிக ஈயத்தை மழையோடு கீழே கொண்டுபோகும். கீழே குடிநீர் இருக்கும் எந்த நிலத்திலும் இதைச் செய்யக் கூடாது.

பாக்டீரியா என்ன செய்கிறது

நஞ்சு பட்ட வேர் எத்திலீனை மிகுதியாக உண்டாக்கும். எத்திலீன் கூடினால் வேர் வளர்வது நின்றுவிடும். எத்திலீனுக்கு முந்தைய பொருளான ஏ.சி.சி.யை வேர் வெளியே கசியவிடும்போது, ஏ.சி.சி. டிஅமினேஸ் நொதி கொண்ட பாக்டீரியா அதைத் தின்று அம்மோனியாவாக்கிவிடும். எத்திலீன் குறைகிறது, வேர் நீள்கிறது, அதிக மண்ணைத் தொடுகிறது. பாக்டீரியாவால் கிடைக்கும் பலனில் பெரும்பகுதி இந்த வழியில் வருவதே. அது உலோகத்தை மாயமாகக் கரைத்து ஊட்டுவதைவிட, செடியைச் சாகாமல் பெரிதாக வளர்க்கிறது என்று எண்ணினால் எதிர்பார்ப்பு சரியாக இருக்கும்.

அடுத்தது சிடெரோஃபோர்: இரும்பைப் பிடித்துக் கொண்டுவரும் மூலக்கூறு. துத்தநாகமும் நிக்கலும் மிகும்போது செடிக்கு இரும்பு ஏறாது. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சிடெரோஃபோர் உள்ள பாக்டீரியா இதைத் தணிக்கும். பாஸ்பேட்டைக் கரைப்பவை, கரிம அமிலம் சுரப்பவை இழுப்புக்கு உதவும். உடலைச் சுற்றிப் பசைப் படலம் கட்டி உலோகத்தை அதில் ஒட்டவைப்பவையும், சல்பைடாகப் படியவைப்பவையும் பூட்டுக்கானவை. சூடோமோனாஸ், பேசில்லஸ், ரைசோபியம் இனங்களில் இரு வகையும் உண்டு. பாக்கெட்டில் இனப் பெயர் மட்டும் இருந்தால் போதாது. அந்த ரகம் என்ன செய்யும் என்பது தெரிய வேண்டும். கடுகுக் குடும்பத்துக்கு வேர்ப்பூஞ்சை (மைக்கோரைசா) உரம் போடுவது வீண். அவை மைக்கோரைசாவோடு கூட்டு வைப்பதில்லை, நோக்கியாவும் இதே குடும்பம். சூரியகாந்தி, வில்லோ, வெட்டிவேருக்குப் பயன்படும்.

உள்ளூர்ப் பாக்டீரியாவைப் பிரிப்பது

கடையில் வாங்கும் ரகத்தைவிட, அதே மாசு மண்ணில் தப்பிப் பிழைத்து நிற்கும் களைகளின் வேரில் வாழ்பவையே நிலைத்து நிற்கும். நுண்ணுயிர் ஆய்வகத் துணையோடு செய்ய வேண்டிய வேலை இது.

1. வேரோடு ஒட்டிய மண் 10 கிராமை, கிருமிநீக்கிய 0.85 சதவீத உப்புநீர் 90 மி.லி.யில் 30 நிமிடம் குலுக்குங்கள். பத்துப் பத்து மடங்காக ஆறு முறை நீர்த்து, 0.1 மி.லி. வீதம் தட்டில் பரப்புங்கள்.

2. தட்டின் அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ் ஊடகம்) உலோகம் சேர்த்திருக்க வேண்டும். காட்மியம் என்றால் 0.5, 1, 2 மில்லிமோலார் என்று படிப்படியாக. இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வழக்கமான ஊடகத்தின் பாஸ்பேட் ஈயத்தைப் படியவைத்துவிடும், அதிலுள்ள பெப்டோன் என்னும் புரத உணவு உலோகத்தைக் கட்டிவிடும். தட்டில் உலோகம் இருப்பதுபோல் தெரியும், பாக்டீரியாவுக்கு அது எட்டாது. எல்லாமே தாங்கும் ரகமாகத் தோன்றும். பாஸ்பேட் குறைந்த, சத்துக் குறைந்த ஊடகத்தையே பயன்படுத்துங்கள்.

3. 28 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைத்து, தப்பியவற்றைத் தனித்தனியாகத் தூய்மைப்படுத்தி, ஏ.சி.சி.யை மட்டுமே நைட்ரஜன் உணவாகக் கொடுத்து வளர்கிறதா என்று பாருங்கள். சிடெரோஃபோருக்கு நீல நிற சி.ஏ.எஸ். அகார்: சுரக்கும் ரகத்தின் புள்ளியைச் சுற்றி நீலம் வெளுத்து ஆரஞ்சு வளையம் விரியும்.

4. மிஞ்சியவற்றை, பாக்டீரியா இனத்தைக் காட்டும் 16எஸ் மரபணு வரிசையால் அடையாளம் காணாமல் வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். உலோகம் தாங்குவதில் சூடோமோனாஸ் ஏருஜினோசாவும் பர்கோல்டேரியா செபேசியாவும் கெட்டிக்காரர்கள். நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு ஆபத்தான தொற்றைத் தருபவையும் அவையே. உலோகம் தாங்கும் பாக்டீரியா பல சமயம் ஆன்டிபயாடிக்கையும் தாங்கும் என்பதால் அந்தச் சோதனையும் வேண்டும்.

கொடுக்கும் முறை

வளர்ப்புக் கரைசலில் ஒரு மி.லி.க்கு 10 கோடி உயிருள்ள அணுவாவது இருக்க வேண்டும். கிருமிநீக்கிய கரித்தூள் அல்லது வெர்மிகுலைட் 1 கிலோவுக்கு 300–400 மி.லி. கலந்து, குளிர்ந்த இருட்டில் வைத்து மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பயன்படுத்தும் முன் மீண்டும் எண்ணுங்கள்.

விதைக்கு: 1 கிலோவுக்கு 30 கிராம் தூள், ஒட்டிக்கொள்ள 10 சதவீதக் கருவேலம்பிசின் கரைசல் 30 மி.லி.; நிழலில் அரைமணி உலர்த்தி அன்றே விதையுங்கள். பூஞ்சைக்கொல்லி பூசிய விதை ஆகாது. நாற்றுக்கு: பத்து மடங்கு நீர்த்த கரைசலில் வேரை 20–30 நிமிடம் நனைத்து நடுங்கள். பிறகு 30–40 நாளைக்கு ஒருமுறை செடிக்கு 50 மி.லி. வேரடியில், மாலையில், ஈர மண்ணில் ஊற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்நீரை ஒரு நாள் திறந்துவைத்த பிறகு கலக்கலாம்; குளோரமின் கலந்த நீர் அப்படித் தெளியாது, மழைநீர் அல்லது கிணற்று நீருக்கு மாறிக்கொள்ளுங்கள்.

மூன்று பாத்திகள் கட்டாயம் தேவை: எதுவும் கொடுக்காதது, உயிருள்ள பாக்டீரியா கொடுத்தது, 121 டிகிரியில் 20 நிமிடம் கொன்ற அதே கரைசல் கொடுத்தது. மூன்றாவது இல்லாவிட்டால், செடி செழித்தது பாக்டீரியாவாலா, கரைசலில் இருந்த நைட்ரஜனாலா என்று சொல்லவே முடியாது. சட்டியில் எட்டு வாரம் இதைச் செய்துபார்த்துவிட்டு வயலுக்குப் போவது நல்லது.

நடவும் பராமரிப்பும்

பெரணிக்கு 30 செ.மீ. இடைவெளி, பாதி நிழல். வெட்டிவேரை மூன்று சிம்பு சேர்த்து 15 செ.மீ.க்கு ஒன்றாக, சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நடுங்கள். அது உலோகத்தைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திக்கொள்வதால் பூட்டுக்கானது. தழை உலோகத்தை வேர் உலோகத்தால் வகுத்து வரும் எண் 1-க்கு மேல் இருந்தால் இழுப்புச் செடி, வெகுவாகக் கீழே இருந்தால் பூட்டுச் செடி.

நைட்ரஜனைத் தாராளமாகக் கொடுக்கலாம்; தழை எடை கூடும். இழுப்பு வயலில் பாஸ்பேட்டைக் குறைந்தபட்சமாக வையுங்கள். சொட்டுநீர் நல்லது, தேங்கும் அளவுக்குப் பாய்ச்சினால் உலோகம் வேரைத் தாண்டி இறங்கும். கடுகும் சூரியகாந்தியும் யாரேனும் பறித்துச் சாப்பிடக்கூடியவை. வேலி போட்டுக் காவல்வைக்க முடியாத இடத்தில் அவற்றை நடவே வேண்டாம். கால்நடை நுழையக் கூடாது. உழும்போது தூசிக் கவசமும் கையுறையும் அவசியம்.

கீழ் இலைகள் ஒரே சீராக மஞ்சளானால் நைட்ரஜன் குறை. இளம் இலை மட்டும் நரம்பு பச்சையாக மஞ்சளானால் இரும்பு ஏறவில்லை. முளைத்த வேர் குட்டையாக, தடித்து, பழுப்பாக நின்றால் அந்த மண் அந்தச் செடிக்குத் தாங்காது. அங்கே முதலில் சுத்தமான மண்ணோ மக்கு உரமோ கலந்து நஞ்சைத் தணித்துவிட்டு மறுபடி விதையுங்கள்.

அறுவடையும் கழிவும்

தரையிலிருந்து 5 செ.மீ. விட்டு அறுங்கள். கடுகைப் பூக்கும் பருவத்தில் எடுங்கள். வில்லோவின் இலையில் காட்மியம் நிறைய இருப்பதால் இலை உதிரும் முன்பே வெட்ட வேண்டும். உதிரவிட்டால் இழுத்தது அப்படியே மேல்மண்ணுக்குத் திரும்பும். பெரணியில் முதிர்ந்த தழையை மட்டும் வெட்டி, குருத்தையும் தண்டடியையும் விட்டுவிடுங்கள். அது மீண்டும் தழைக்கும்.

ஆய்வுக்கு அனுப்பும் தழையை நன்றாகக் கழுவி, 65–70 டிகிரியில் உலர்த்துங்கள். டைட்டானியத்தையும் அளக்கச் சொல்லுங்கள். செடி அதை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. தழையில் டைட்டானியம் அதிகமாக வந்தால், நீங்கள் அளந்த ஈயம் இலைமேல் ஒட்டிய தூசி.

அறுத்த தழை நச்சுக் கழிவு. அந்தந்த நாட்டின் நச்சுக் கழிவு விதிப்படிதான் அதைக் கையாள வேண்டும். கூரைக்கடியில், தரையில் விரிப்புப் போட்டு உலர்த்துங்கள். பெரணித் தழையின் ஆர்சனிக் நீரில் எளிதாகக் கரைவதால் ஒரு மழையே போதும், எடுத்ததெல்லாம் கீழே இறங்கிவிடும். திறந்தவெளியில் கொளுத்தக் கூடாது: ஆர்சனிக்கும் காட்மியமும் புகையோடு போகும். வாயுவைச் சுத்திகரிக்கும் எரிகலனில் எரித்துச் சாம்பலை நச்சுக் கழிவுக் குழிக்கு அனுப்ப வேண்டும். மக்கவைத்தால் அளவு சுருங்கும், உலோகம் அப்படியே இருக்கும். அந்த மக்கு உரமும் வயலுக்கு ஆகாது.

எப்போது நிறுத்துவது

ஒவ்வொரு அறுவடையிலும் உலர் எடையைத் தழை உலோகத்தால் பெருக்கி எழுதிவையுங்கள். மண் ஆய்வில் ஏற்ற இறக்கம் அதிகம். ஓராண்டு மாற்றம் அதில் தெரியாது. வெளியேறிய கிலோக் கணக்குத்தான் நம்பகமானது. இரண்டாம் மூன்றாம் ஆண்டில் தழையில் ஏறும் அளவு குறையும். எளிதில் கிடைக்கும் பங்கு தீர்ந்து, கனிமத்துக்குள் இருப்பது மெதுவாகத்தான் வெளிவரும். முதல் ஆண்டு எண்ணை வைத்துப் போட்ட ஆண்டுக் கணக்கை அப்போது திருத்திக்கொள்ளுங்கள்.

இதே காரணத்தால், டி.டி.பி.ஏ. எண் இலக்குக்குக் கீழே வந்த அன்றே நிலத்தைத் திறந்துவிடாதீர்கள். ஒரு பருவம் செடியில்லாமல், ஈரமாக விட்டுவிட்டு, பழைய கட்டங்களிலேயே மறுபடி அளங்கள். எண் மேலே ஏறியிருந்தால் மண்ணின் இருப்பு இன்னும் வெளிவந்துகொண்டிருக்கிறது. இன்னொரு சுற்று நட வேண்டும். பூட்டிய நிலத்துக்கு முடிவுத் தேதியே கிடையாது. பி.எச்.சை ஆண்டுதோறும் பார்த்து, 6.5-க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் மறுபடி சட்டிச் சோதனை செய்து சுண்ணாம்பு இட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆர்சனிக் கலந்த மண்ணானால் சுண்ணாம்புக்குப் பதில் இரும்பு ஆக்சைடு.